கோவிந்தராஜுலு வைத்த செய்வினை

விவசாயி கோவிந்தராஜுலு ஆலை மெஷினுக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று கிணத்துக்கடவு டீக்கடையில் எனக்குச் சொன்னவர் டிராக்டர் யாகூப். பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனால் ஆலைக்கு ஏற்றிப்போகிற, கதிர் அறுத்த சோளத்தட்டெல்லாம் ஏற்றியபடியே திரும்பி வந்தால் யாராயிருந்தாலும் எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்?

“ஒரு கட்டுத் தட்டைக் கயித்துல சுத்திக் கொண்டுபோய் ஆபீசுக்குள்ள வெச்சாருங்க. அன்னைக்கிருந்து நம்மூருத் தட்டு ஒண்ணும் தேறலை. கட்டு இன்னும் அங்கதான் இருக்குது. சந்தேகம்னா போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். சோளத்தட்டிலிருந்து எத்தனால் எடுக்கிற ஆலை அது. சாராய வகை என்று கேள்விப்பட்டதும் ஊரில் சிலர் அக்கறையாக விசாரித்தார்களாம். குடிக்கப்போவது காரும் பஸ்ஸும்தான் என்று தெரிந்ததும் அக்கறை வடிந்துவிட்டது.

வாசலிலேயே மெஷின் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தட்டின்மேல் பாய்ச்சி, திரும்பி வருவதைப் படித்து, ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு, எத்தனாலுக்கு ஆகிற சத்து எவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடும். முன்பெல்லாம் இதற்கு ஆசிட் ஊற்றி ஒரு வாரம் காத்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தால் லோடு உள்ளே போகும். சிவப்பு எரிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

அதைப் பார்த்துக்கொள்கிற பிரீத்திகா கோவையில் படித்த பெண். செய்வினை என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடி அலமாரியைக் காட்டினார்.

“தட்டுன்னா எப்படி இருக்கும்னு மெஷினுக்கு நாமதான் பழக்கிவிடணும் சார். நல்லது, மட்டம், நனைஞ்சது, மண்ணு ஒட்டினது எல்லாம் கலந்து வேணும்னு கோவிந்தராஜுலு அங்கிள்கிட்டக் கேட்டேன். அவர் கொண்டுவந்தது இது.”

உள்ளே கட்டாகக் கட்டிய தட்டுகள் கல்யாண மண்டப வாசலில் நிறுத்திய பிள்ளைகளைப்போலத் தலை வாரிக்கொண்டு நின்றன. தூசு துரும்பு இல்லை. இதுதான் தட்டு என்று மெஷின் படித்துவிட்டது. இப்போது காட்டிலிருந்து நேராக வருகிற தட்டைக் காட்டினால், அடையாளம் தெரியாத சரக்கு என்று சிவப்பைக் காட்டுகிறது.

ஆக, யாகூப் சொன்னது வதந்தி இல்லை. செய்வினை நடந்துதான் இருக்கிறது.

கோவிந்தராஜுலு வீட்டில் முதலில் கண்ணில் பட்டது மாடு கட்டும் இடமான கட்டுத்தரை, காலியாக. தட்டு ஆலைக்குப் போகப் போகிறது, தீனிக்கு எங்கே போவது என்று இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். ஆலைக்குப் போகாத தட்டு காட்டில் போராக நின்று ஐப்பசி மழையைக் குடித்துக்கொண்டிருந்தது. இந்தப் போர் விலைபோனால்தான் மறுபடி ஒரு மாடு.

“நம்மூரைத் தேடி வந்து கேக்கறாங்க. அழுகினதையும் மண்ணையுமா எடுத்து நீட்டறது? ஒவ்வொரு ஊட்லயும் போய் நானே பொறுக்கினேனுங்க. ஈரத்துணியில தொடைச்சு, மொட்டை மாடியில காயப்போட்டுத்தான் குடுத்தோம்” என்றார். ஊரே சேர்ந்து துடைத்ததுதான். இப்போது ஊரில் ஒருவரும் அவரிடம் பேசுவதில்லை.

அன்று சீசனின் கடைசி நாள். சிவப்பு விழுந்த லோடிலிருந்து மாதிரி எடுக்க விதி இல்லை, தனியாக மட்டமான தட்டு கொஞ்சம் கொண்டுவந்தால் மெஷினைத் திருத்திப் பார்க்கிறேன் என்று பிரீத்திகா சொல்லியிருந்தார். யாகூப் வண்டியில் லோடு ஏற்றியாயிற்று. கோவிந்தராஜுலு போருக்கு அடியிலிருந்து பூஞ்சை பிடித்த ஒரு கட்டை உருவினார். அவர் மனைவி பங்காரம்மா ஓடி வந்தார்.

“ஏனுங்க, இதையா அந்தப் புள்ளைகிட்டக் குடுக்கப்போறீங்க? நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?”

அவர் கட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பூஞ்சைக் கட்டைப் போருக்கடியிலேயே செருகினார். சுத்தமான வேறு கட்டு வந்தது. பங்காரம்மா அதையும் முந்தானையால் ஒரு தட்டு தட்டிக் கொடுத்தார்.

ஆலை வாசலில் கையிலிருந்த கட்டுக்குப் பச்சை எரிந்தது. பின்னால் நின்ற லோடுக்குச் சிவப்பு.

பிரீத்திகா மெஷினை அணைத்தார். “இந்த சீசன் முடிஞ்சுது அங்கிள். இனி அடுத்த வருசந்தான்.”

“நாஞ்சொல்லலை?” என்று யாகூப் என் காதைக் கடித்தார்.

கோவிந்தராஜுலு தலையை ஆட்டினார். “செரிங்க அம்மணி. அந்தக் கயித்தையாச்சும் குடுத்துருங்க. வேலை முடிஞ்சதும் தர்றதாச் சொன்னீங்க. செவலை மாட்டுக் கயிறுங்க அது. மாட்டை வித்தாலும் கயித்தைக் குடுக்க மாட்டோம். அது ஊட்ல இருந்தாத்தான் மறுக்கா மாடு வரும்.”

பிரீத்திகா அலமாரியைப் பார்த்தார். நடு அடுக்கில் அந்தக் கட்டு, அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றின்மேல் அரக்கு முத்திரை.

“அந்தக் கட்டை வெச்சுத்தான் மெஷின் மத்த தட்டையெல்லாம் அளக்குது அங்கிள். அவுக்கக் கூடாதுன்னு ஹெட் ஆபீசுல சீல் வெச்சுட்டாங்க. கண்டிப்பா வாங்கித் தர்றேன்.”

“ஒண்ணும் அவசரமில்லீங்க” என்றார் கோவிந்தராஜுலு, “பொறவு வாரேன்.” யாகூப் வண்டியைத் திருப்பினார். தை வந்துவிட்டது. கயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது.