மூடாத இமை

சுனாமிக்கு மூன்று வருடம் முன்பு என் மகள் பிறந்தாள். மேலுதட்டில் தொடங்கிய பிளவு மூக்கோரமாகக் கன்னத்தில் ஏறி, இடது கண்ணின் கீழிமை வரை போயிருந்தது. கிரகணத்தன்று நான் மீன் அரிந்ததால் வந்த வினை என்றார் மாமியார். அவர் எத்தனையோ கிரகணத்தில் மீன் அரிந்தவர். பெற்ற ஐந்தும் முழு மூஞ்சியோடுதான் திரிகின்றன.

புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டரம்மா முகம் சுளிக்காமல் பார்த்தார். "இது சாதாரண உதட்டுப் பிளவு இல்லம்மா, ரொம்ப அபூர்வம். ஒரே தடவையில முடியாது. புள்ள எடை ஏறட்டும், தைச்சிடலாம். அதுவரைக்கும் இந்தக் கண்ணைக் காப்பாத்தி வைங்க. இமை மூடாது, காஞ்சிடும்" என்று களிம்பு கொடுத்தார்.

பாலாடையில் பால் புகட்டினேன். தவறாமல் களிம்பு போட்டேன். ஆனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலுக்குப் படகு கிளம்பும்போது எதிரே வருவது நல்ல முகமாக இருக்க வேண்டும். மாமியார் பிள்ளையைத் தொடமாட்டார் என்பதால், விடியற்காலை மீன் ஏலத்துக்கு அவளையும் தூக்கிக்கொண்டுதான் போவேன். யாரும் சொல்வதற்கு முன்பே முந்தானையை எடுத்து அவள் முகத்தில் போட்டுவிடுவேன். ஊரோடு ஒத்துப் போகிறேன் என்று அதில் பெருமை வேறு.

ஆறாவது மாதம் கண் சிவந்து கருவிழியில் வெள்ளை விழுந்தது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "முகத்துல துணி ஏதாச்சும் போடுறீங்களா?" என்றார். சொன்னேன்.

"மூடாத கண்ணுல துணி உரசிப் புண்ணாயிடுச்சு. இன்னும் இப்படியே விட்டா, முகத்தைத் தைச்சாலும் பார்வை இருக்காது."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. என்மேலேயே ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் விடியலில் அவளைத் திறந்த முகத்தோடு தோளில் போட்டுக்கொண்டு கரையில் நின்றேன். படகுக்காரர் ஒருவர், "ஏம்மா, தொழிலுக்குப் போற நேரம். புள்ளைய மூடிக்க" என்றார்.

"மூட மாட்டேன் மாமா. நீங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கணவர் கிட்டே வந்து, மகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் படகேறினார். இரண்டு படகுகள் அன்று கிளம்பவே இல்லை. கணவருக்கு மீன் சுமாராகத்தான் பட்டது. எங்களுக்குப் பேச்சுதான் அள்ள அள்ளக் கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட நான் அவள் முகத்தை மூடவில்லை.

எடை ஏறியதும் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு இன்னும் இரண்டு. உதடு சேர்ந்தது, கன்னம் சேர்ந்தது, இமையும் மூடியது. அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல்தான், ஆனால் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தழும்பைப் பற்றிக் கேட்டால், "பொறக்கும்போதே பிளவு, தைச்சாங்க" என்று அவளே சொல்லிவிடுவாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "கண்ணுல இந்த வெள்ளைப் புள்ளியும் பொறக்கும்போதே வந்ததாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

"இல்லடி, அது நான் பண்ணுனது" என்றேன்.