இடது காதில் ஒன்று, வலது காதில் இரண்டு

கம்பளி நாளன்று கோர்வுத் தீவில் யாரும் வீடு தங்க மாட்டார்கள். எரிமலைக் குழிக்குள் வருடமெல்லாம் ஒன்றாக மேய்ந்த ஆடுகளை ஊரே திரண்டு ஓட்டிவந்து, மயிர் கத்தரிக்கக் கல் பட்டியில் அடைக்கும். ஆண்கள் உள்ளே இறங்கி, வீட்டுக்கு வீடு மாறும் காதுவெட்டைப் பார்த்துத் தங்கள் ஆடுகளைப் பிரிப்பார்கள். பெண்கள் சுவருக்கு வெளியே. யாரும் கேட்டு வராத ஆடு பரிசுத்த ஆவி திருவிழாவின் சூப்புச் சட்டிக்குப் போய்விடும்.

சுல்மீராவும் இருபது வருடம் சுவருக்கு வெளியேதான் நின்றாள். இந்த வருடம் உள்ளே போக வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் மீன் பிடிக்கப் போன கணவன் அதெலினோவின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. அவளுக்கு மிச்சம் பதினோரு ஆடு.

பட்டி வாசலில் அதெலினோவின் தாய்மாமன் பெல்மீரு நின்றார்.

"என்னம்மா புளோரஸ்காரி, வழி தவறி வந்துட்டியா?"

பக்கத்துத் தீவான புளோரஸிலிருந்து வாழ வந்தவள். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

"ஆடு பிரிக்க வந்தேன் மாமா."

"பிரி. உங்க வீட்டுக் காதுவெட்டு என்னன்னு சொல்லிட்டுப் போ."

சுல்மீராவுக்கு அது தெரியாது. அவள் கேட்டதில்லை, அதெலினோ சொன்னதில்லை. மயிரை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான், அவள் நூற்பாள். இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் தன் வீட்டு அடையாளம் தெரியாத வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"தெரியலையா? அவன்கிட்டயே கேட்டுட்டு வா," என்றான் உள்ளேயிருந்து ஒருவன். பெல்மீரு அவனை முறைத்தார். ஆனால் அவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு வெட்டை வாய்விட்டுச் சொல்வது அங்கே வழக்கமில்லை.

அவள் தலை குனிந்தாள். கண்ணில் பட்டது மரச்செருப்பு, அதன் நுனியில் கத்தி வெட்டுகள். புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம் அதெலினோ கத்தியோடு உட்கார்ந்துவிடுவான். "நான் என்ன உன் ஆடா?" என்று முதல் தடவை சண்டை பிடித்தாள். "காணாமப் போனா யார் வீட்டுதுன்னு தெரியணும்ல," என்றான் அவன்.

"இடது காது நுனியில ஒரு வெட்டு. வலது காதுல ரெண்டு."

பெல்மீரு வழிவிட்டார்.

பதினோரு ஆடுகளும் கிடைத்தன. புதிதாகப் பிறந்திருந்த இரண்டு குட்டிகளுக்கு அவளே காதை வெட்டினாள்.

மாலையில் மயிர் மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கரண்டி, வாளி, துடுப்பு என்று ஒன்று விடாமல் வெட்டிவைத்த மனிதன். கடலுக்குப் போன அன்று அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டை அவள் பின்னியது. அதில் அவள் ஒரு குறியும் வைக்கவில்லை. எந்தக் கரையில் ஒதுங்கியிருந்தாலும், அவன் யார் வீட்டு ஆளென்று அங்கே யாருக்குத் தெரியும்?