படம் வராத சிடி

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சுனாமி அலை வந்துபோன அடுத்த வருடம் பத்திரிகையைவிட அஞ்சலிதான் அதிகம். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வருடம் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். எத்தனை முகத்தைத்தான் ஒருத்தி கறுப்புக் கட்டத்துக்குள் ஒட்டுவாள்?

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அவள் வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. அவளும் புருஷனும் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனவன் அலையோடு போய்விட்டான். உடம்பு கிடைத்தபோது அவளைப் பார்க்க விடவில்லையாம்.

"வருஷம் வருதுக்கா. போஸ்டர் அடிக்கணும்" என்றாள்.

"போட்டோ குடு."

"போட்டோ இல்லக்கா."

"போட்டோ இல்லாம என்னா போஸ்டர்? வெறும் பேரு போட்டா கட்சி நோட்டீஸ்னு தாண்டிப் போயிடுவாங்க" என்று கத்தினேன்.

அவள் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திறந்தேன். பட்டுப்புடவையின் ஓரம் இருந்தது. மாலையில் பாதி இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வெள்ளை.

"வீட்டுல கடல் தண்ணி பூந்து ஊறிப்போச்சு. உப்பு அரிச்சிடுமேன்னு நல்ல தண்ணியில போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்கா."

உப்பளத்துக்காரர்கள் அப்படித்தான். பாத்தியை விட்டு ஏறினால் முதல் வேலை, கால், கூடை, உப்பு வாரும் பலகை, கொலுசு என்று உப்புத் தண்ணீர் பட்ட எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது. விட்டால் உப்பு தின்றுவிடும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

"பாதி கழுவுனப்புறம்தான் பார்த்தேன். அவரு மூஞ்சி என் கையில சாயமா ஒட்டியிருந்துச்சு."

ஆல்பத்தை மூடினேன். கல்யாணப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரரிடமும் நெகட்டிவ் இல்லையாம். அவள் கொழுந்தன் குவைத்தில் இருக்கிறான். அலைக்கு முந்தின லீவில் வந்தபோது, உப்பளத்தில் முதல் உப்பு வாரிக் கற்பூரம் ஏற்றின நாளில், அவன் கொண்டுவந்த புது கேமராவில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. அப்போது இவள் பிரசவத்துக்காகப் பெருமுக்கல்லில் அம்மா வீட்டில் இருந்தாள். "அண்ணன் இதுல இருக்காரு அண்ணி" என்று சொல்லி, ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் அந்த சிடியைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

"எனக்கு மூஞ்சி மறந்துகினே வருதுக்கா. மூக்கு ஞாபகம் வருது, கண்ணு வர மாட்டேங்குது. சேத்துப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்குது. போஸ்டர் கெடக்கட்டும். ஒரு தடவ பார்த்துட்டா போதும்."

சிடியைப் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. பிறகு பக்கத்தில் நின்று பேசுவதுபோல் ஓர் ஆண் குரல்.

"அம்மா, இங்க பாரு. பல்ல மூடாத, சிரி. டேய், நீ குறுக்க வராத."

"அவருதான்கா" என்றாள். சிரிப்பு, மணிச் சத்தம், மண்வெட்டிச் சத்தம். கடைசியில் அந்தக் குரல் மட்டும் தணிந்து சொன்னது: "இத அவளுக்குக் காட்டணும்."

அதோடு முடிந்தது. திரையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

சிடியைத் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினேன். வேறு பிளேயரில் திறந்தேன். ஃபைல் பெயரின் வாலை மாற்றினால் படம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன், புத்தி கெட்டவள். சனியன் பிடித்த மெஷின், குரலை மட்டும் கொடுத்தது. "விட்டுட்டுப் போ, பார்க்கறேன்" என்று அவளை அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கடையில் அவன் குடியிருந்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்த கூனிமேட்டு பாய் ஒருவர், "யாரும்மா உள்ள பேசறது?" என்றார். "செத்துப்போனவர்" என்றேன். அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு, நகலை வாங்காமலே போய்விட்டார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வேலை பார்த்தேன். ஒருவன் வாயைப் பொத்துவதுபோல் இருந்தது, திரும்பப் போட்டேன். வீட்டில் சோறு வடிக்கும்போது "இங்க பாரு" என்று காதில் விழும், திரும்பிப் பார்ப்பேன். பயம்தான். ஆனால் பயத்தைவிட, கறுப்புக்குப் பின்னால் ஒருவன் நின்று இவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறானே என்கிற வேதனைதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

அவளுக்கு அந்த பயம் இல்லை. மழைக்காலம், உப்பளத்தில் வேலை இல்லை. மத்தியானம் தவறாமல் வந்து உட்காருவாள். "இத அவளுக்குக் காட்டணும்" என்று குரல் சொன்னதும், "காட்டேன், யாரு வேணாங்கறா?" என்பாள் திரையைப் பார்த்து.

பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற ஒருவருக்கு போன் போட்டேன். "சவுண்டு வருதுன்னா ஃபைல் நல்லாதான் இருக்குது. சத்தத்தையும் படத்தையும் தனித்தனியா சுருக்கி வெச்சிருப்பாங்க. படத்தப் பிரிக்கிற சாஃப்ட்வேர், கோடெக்னு பேரு, அது உங்க பழைய சிஸ்டத்துல இல்ல. வந்தீங்கன்னா சிடியில போட்டுத் தர்றேன்" என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா! அடுத்த பஸ்ஸிலேயே போய் வாங்கி வந்தேன்.

ஏற்றி முடித்து, அவள் வரும்வரை ஓட்டிப் பார்க்காமல் வைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் அவன் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

அவள் வந்தாள். தட்டினேன்.

படம் வந்தது! வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்தி, காலை வெயில், வரப்பில் கற்பூரம். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டாள். "பல்ல மூடாத, சிரி" என்றது குரல். சிரித்தாள். கொழுந்தன் குறுக்கே ஓடினான். "டேய், நீ குறுக்க வராத." எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நானும் தேடினேன்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. கேமராவைப் பிடித்துக்கொண்டிருப்பதே அவன்தான். குரல் அத்தனை கிட்டத்தில் கேட்டது அதனால்தான். இத்தனை நாள் கேட்டும் எனக்கு இது தோன்றவில்லையே.

எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கேமரா கீழே இறங்கி, புதிதாக வாரிய உப்புக் குவியலைக் காட்டியது. வெள்ளைக் குவியலின்மேல் நீளமாக ஒரு நிழல். இரண்டு முழங்கைகளும் தூக்கியிருந்தன, ஒரு கால் மடிந்திருந்தது. "இத அவளுக்குக் காட்டணும்" என்று சொல்லும்போது அந்த நிழலின் தலை அசைந்தது.

"நிறுத்துங்கக்கா."

நிறுத்தினேன். அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனாள்.

"இப்படித்தான் நிப்பாரு. ஒரு கால மடிச்சிக்கினு."

அழுதாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு யாரையோ திட்டினேன், யாரை என்று இப்போது ஞாபகமில்லை.

"இதையே போஸ்டர்ல போடுங்கக்கா. எனக்கும் ஒண்ணு தனியா பிரிண்ட் போட்டுக் குடுங்க."

"நெழல போட்டா ஊருல என்னத்தான் திட்டுவாங்க."

"திட்டினா திட்டட்டும்."

பிரிண்டரில் தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் வெள்ளை உப்பு, பிறகு முழங்கை, பிறகு தலை. அவள் கையை நீட்டினாள். நீட்டியவள் பாதியில் நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இது கழுவினா போயிடாதுல்லக்கா?"

"போவாது" என்றேன்.

அது தண்ணீர் பட்டால் கரையும் மை. லேமினேஷன் மெஷின் சூடாகிற வரைக்கும் தாளை நான் அவள் கையில் கொடுக்கவில்லை.