பாச்சு கொண்டுவந்த படம்

மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாச்சு ஸ்டோர் குமாஸ்தா. நாகலக்ஷ்மியின் மூன்றாவது பிள்ளை. ஈரோட்டு விஸ்வேஸ்வரனுக்கு ஒன்றுவிட்ட மைத்துனன். பாச்சுவை இப்படி இன்னாருக்கு உறவு என்றுதான் சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் அவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மட்டும் அவர் ராஜா. அன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து டாக்கீஸை வாடகைக்குப் பிடித்து ஒரு படம் போடுவார்கள். பெங்களூர் போய்ப் படத்தைப் பொறுக்கிக்கொண்டு வருகிறவர் பாச்சுதான். சலவை வேட்டியோடு வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கப் போறது" என்பார்.

போன மூன்று படங்களிலும் வலித்தது தலைதான். தமிழ்ச் சங்கத் தலைவர், ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடசுப்ரமணியன், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஓய் பாச்சு, இதுவும் சொதப்பித்துன்னா அடுத்த மாசத்துலேர்ந்து ஹரிகதை. நீர் ஆத்துல உட்காரலாம்."

நாலாவது படத்துக்கு ரயிலிலேயே சோதனை. கார்டு வண்டியில் பெட்டி கவிழ்ந்து, ரீல்களில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டெல்லாம் உதிர்ந்து போயின. பாச்சு அசரவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆப்பரேட்டர் மல்லப்பன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடிக்க, புத்தகத்தில் பாட்டு இருந்த வரிசைப்படியே ரீல்களை அடுக்கிவிட்டார். பாட்டுப் புத்தகம் அச்சடிக்கிறவன் என்ன, படத்தைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

படம் ஓடியது. முதல் அரை மணியில் இரண்டு குழந்தை பெற்றவன், இடைவேளைக்கு முன்னால் பெண் பார்க்கக் கிளம்பினான். ஜனங்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. படமே அந்த லட்சணம் என்று நினைத்தார்கள். காமெடியன் ஏழு தடவை சாணியில் விழுந்தான். கொட்டாவி முன் பெஞ்சில் பிறந்து பால்கனி வரை ஏறியது.

பாச்சுவின் மனைவி கனகலக்ஷ்மி எழுந்து வந்து அவர் காதில், "ஏன்னா, நாளைக்கு மார்க்கெட்டுக்கு எந்த மூஞ்சியை வெச்சுண்டு போறது?" என்றாள். பாச்சுவின் சலவை வேட்டி வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் திரையில் அந்த அம்மா வந்தாள். கிழவியை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று பிள்ளைகளும் சீட்டுக் குலுக்கினார்கள். சின்னவன் பெயர் வந்தது. அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த அவள், அவனுக்குச் சங்கடம் வேண்டாமே என்று தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உதடு மட்டும் நடுங்கியது. வசனம் ஒன்றுகூட இல்லை.

டாக்கீஸில் இருமல்கூட நின்றது. கமலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இவ இடைவேளைக்கு முன்னாலேயே செத்துப் போயிட்டாளே?" என்றாள் பக்கத்திலிருந்த அன்னபூர்ணி.

"செத்தா என்ன? சும்னே இருடீ, அழ விடு!"

விளக்கு எரிந்ததும் வெங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"படம் மகா மட்டம், ஓய்."

பாச்சு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம், அண்ணா."

"அந்த அம்மா வர ரீலை இன்னொரு தடவை போடச் சொல்லும்."

பாச்சு மாடிப்படியில் ஓடினார். மல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நங்கே தமிழ் பரல்ல, சரியா வராது, சாமி. ஆனா அந்த அம்மா சிரிச்சுதே, நம்மால தாங்கலே. நீங்க கேப்பீங்கன்னு ரீலைத் திருப்பிச் சுத்தியே வெச்சிருக்கேன்."

கீழே வந்தபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. பாச்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த ஹரிகதை…"

"பாகவதருக்கு வேண்டாம்னு எழுதிடறேன். அவ நடிச்ச வேற படம் இருந்தா கொண்டு வாரும். சாணி இல்லாத படமா பார்த்துக் கொண்டு வாரும்!"