முகம் தெரியாத பங்குதாரர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் சோலைமலை போன் செய்தார். "அக்கா, ஏர்போர்ட்டுக்குப் போறேன். செல்வி வாரா. நீங்களும் கூட வாங்களேன்."

மகள் ஊருக்கு வருகிறாள், அப்பா அழைத்துவரப் போகிறார். இதில் நான் எதற்கு? கேட்டுவிட்டேன்.

"தனியாப் போயி அவ முகத்தப் பாக்கத் தெம்பு இல்லக்கா."

சேலையை மாற்றிக்கொண்டு காளவாசல் சிக்னல் பக்கம் போய் நின்றேன்.

இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு சோலைமலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரவை மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். அங்கே வாய்க்கால் பாயும் நல்ல வயல் இருக்கிறது. நான் வங்கியில் இருந்த காலத்தில் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். நான் ரிட்டையர் ஆன பிறகும் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார். கேட்பார்... அப்புறம் தன் இஷ்டப்படிதான் செய்வார்!

மகள் முத்துச்செல்வி உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வெளிநாட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நாட்டின் பெயர் வேண்டாம். நம் ஆட்கள் நிறையப் பிழைக்கிற ஊர் என்பது போதும். அங்கே நல்ல இட்லி மாவு கிடைப்பதில்லை என்று பார்த்தாள். அந்த ஊர்த் தண்ணீருக்கும் குளிருக்கும் மாவு சரியாகப் புளிக்க ஒரு பக்குவம் கண்டுபிடித்தாள். சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஆசைப்பட்டாள். சில வருடங்களுக்கு முந்தைய கதை இது.

ஆனால் அங்கே ஒரு சட்டம் குறுக்கே நின்றது. வெளிநாட்டுக்காரர் தன் பெயரில் கம்பெனி தொடங்கினால், பெரிய தொகையை முதலாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் பாதிக்கு மேல் பங்கு வைத்திருந்தால், அது உள்ளூர்க் கம்பெனி. கொஞ்சம் முதல் போதும்.

அநியாயமா? நான் அப்படி நினைக்கவில்லை. நம் தெருவில் வெளியாள் ஒருவர் வந்து கடை போட்டால், "யாரு, என்ன, எந்த ஊரு" என்று விசாரிக்காமலா விடுகிறோம்? நாலு மாதத்தில் கடனை வைத்துவிட்டு ஓடுகிறவர் இல்லை என்று நம்ப, அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா?

காளவாசலில் ஒரு கன்சல்டன்ட் ஆபீஸுக்கு சோலைமலை என்னையும் அழைத்துப் போனார். ஏசி அறை, சுவர் முழுக்க உலக வரைபடம். டை கட்டிய மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். "சார், எதுக்கு இம்புட்டு முதல் கட்டணும்? அங்க நமக்குத் தெரிஞ்ச பெரியவரு ஒருத்தர் இருக்காரு. ஐம்பத்தொரு பர்சன்ட் அவரு பேர்ல போட்டுருவோம். பேருக்குத்தான். வருசத்துக்கு ஒரு ஃபீஸ் குடுத்தாப் போதும். கம்பெனி முழுக்க நம்மளுதுன்னு தனியா ஒரு அக்ரிமென்ட் எழுதிக்கலாம்."

எனக்கு இது ஆபத்தாகப் பட்டது. சோலைமலைக்கோ முகம் மலர்ந்துவிட்டது. ஏன் தெரியுமா?

அவர் கடையில் அழகருக்கு ஒரு பங்கு உண்டு. நம் பக்கத்து வியாபாரிகள் பலரிடம் இருக்கிற வழக்கம்தான். லாபத்தில் ஒரு பங்கை சாமி பெயரில் எடுத்து வைப்பார். வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் உண்டியலில் சேர்த்துவிடுவார். வெளியே வந்ததும் படியில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்.

"எங்க யாவாரத்துல அழகரும் பங்காளிதான்க்கா. என்னைக்காச்சும் வந்து கணக்குக் கேட்டாரா? அது மாதிரி இந்தப் பெரியவரு இருந்துட்டுப் போறாரு."

"அழகருக்கு வாரிசு கிடையாது சோலைமலை. இந்தப் பெரியவருக்கு இருக்கும்" என்றேன். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாகிவிடும் என்றும் சொன்னேன். சிரித்தார்.

செல்விக்கும் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. போனில் அப்பாவிடம் அவளே கேட்டாள். "வயல்ல என் பங்க வித்துக் குடுங்கப்பா. முழு முதலும் கட்டி என் பேர்லயே தொடங்குறேன்." ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

சோலைமலை சட்டென்று சொன்னார். "நெலம் உன் தம்பிக்குத்தான். உனக்குத்தான் நகை இருக்குல்ல?"

சட்டப்படி அவளுக்கும் பங்கு உண்டு என்று நான் வாயைத் திறந்தேன். "அதெல்லாம் கோர்ட்டுக்குக்கா. ஊருக்குள்ள ஆகுமா?" என்றார். அந்தப் பக்கம் செல்வி போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் செல்வியும் ஒப்புக்கொள்ள, பெரியவர் பெயரிலேயே கம்பெனி தொடங்கியது. நன்றாகவும் ஓடியது. கடை கடையாக மாவு போனது. சொந்த வேன் வாங்கினாள். அந்த ஊர்ப் பெண்கள் நாலு பேருக்கு வேலை கொடுத்தாள். சோலைமலை மார்க்கெட் முழுக்க மாவு பாக்கெட் போட்டோவைக் காட்டித் திரிந்தார். எனக்கும் சந்தோஷம்தான். நம் பயம் பொய்த்துப் போவதில் நமக்கு என்ன நஷ்டம்?

போன வருடம் அந்தப் பெரியவர் காலமானார். அவருடைய மகன்கள் வந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அரசாங்கப் பதிவில் கம்பெனியில் பாதிக்கு மேல் அப்பா பெயரில் இருக்கிறது. எந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்பான்? தனியாக எழுதிய அக்ரிமென்ட்டை செல்வி வக்கீலிடம் எடுத்துப் போனாள். "இதை வெளியே காட்டாதே. இப்படிப் பேருக்கு ஆள் வைப்பதே குற்றம். கேஸ் உன் மேல்தான் வரும்" என்றார் அவர்.

கம்பெனி அவர்கள் கைக்குப் போனது. விசாவும் அந்தக் கம்பெனியை நம்பியே இருந்ததால் அதுவும் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் விமானம் இறங்கியது. செல்வி இளைத்திருந்தாள். இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. என்னைப் பார்த்ததும் "அத்தை" என்று தோளில் சாய்ந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவைப் பார்த்து, "வாங்கப்பா, போகலாம்" என்றாள். அவ்வளவுதான்.

கார் நிறுத்தியிருந்த இடத்தில் சோலைமலை பெட்டியைத் தூக்கி வைக்காமல் அப்படியே நின்றார்.

"நெலத்துக்கு ஆள் பாத்துட்டேன்த்தா. உன் தம்பியும் சரின்னுட்டான். முழு முதலும் உன் பேர்லயே கட்டுவோம். திரும்பப் போயி ஆரம்பி. நாந்தான் உன்னயக் கெடுத்துட்டேன்."

வெயில் கொளுத்தியது. செல்வி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

"கம்பெனி போனது கூடப் பரவாயில்லப்பா. முன்னப்பின்ன பாக்காத ஆளுக்குப் பாதிக்கு மேல எழுதிக் குடுங்கன்னப்ப உங்களுக்கு ஒரு நிமிசம் ஆகல. நான் என் பங்கக் கேட்டப்பத்தான் வெளியாளாப் போயிட்டேன்."

பெட்டிகளை அவளே தூக்கி வைத்துவிட்டு, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சோலைமலை அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. ஆனாலும் நானும் பின்சீட்டில் செல்வி பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

வெளியாட்களுக்கு வெளிநாட்டில் என்ன சட்டம் என்று எழுதத்தான் இந்த வாரப் பத்திக்கு உட்கார்ந்தேன்.