ஆமை வாத்தியாரின் தள்ளுபடி

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளியில் ‘ஆமை’ என்று பெயர். சைக்கிள்கூட அவர் காரை முந்தும். அப்படி ஊர்ந்து ஊர்ந்தே ஐந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டி, காப்பீட்டுக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடியாகப் பெற்றிருந்தார். காரை இரவல் வாங்கிய மைத்துனன் பக்கக் கண்ணாடியைச் சுவரில் உரசி உடைத்தான். “உங்களுக்குச் செலவே இல்ல அத்தான், இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்” என்று அவன் நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இன்று காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தள்ளுபடி பூஜ்யம். கண்ணாடி விலையைப்போல் நாலு மடங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

“இழப்பீடு வாங்கினா தள்ளுபடி போயிடும்னு படிவத்துலயே போட்டிருந்துச்சே அத்தான், படிக்கலையா?” என்று இளித்தான் மைத்துனன்.

“கேள்வியை முழுசா படிங்கடா, தடிமாடுங்களா!” என்று தினமும் வகுப்பில் கத்துகிறவர், தான் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.