வாவிக்கரை வேலியில் காய்ந்த வெள்ளை

மாலை நாலரை மணி. சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் ஒழுங்கையில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. அதன் பிறகுதான் அக்கா வாசலைத் தாண்டி வெளியே வந்தார். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். சிறு பிள்ளையாயிருந்த மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். எதிர்வீட்டு யன்னல் ஒன்று சாத்தப்பட்டது. அக்கா குடையைச் சற்று உயர்த்தி, அந்த யன்னலுக்கு ஒரு தலையசைப்புக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அத்தானின் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து, துடக்கு என்ற சாவுத்தீட்டும் கழிந்த மறுநாள் அது. கணவனை இழந்தவர் ஓராண்டு வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் உறவில் அன்றிருந்த வழக்கம். குடை அத்தானுடையது.

அக்கா அடக்கமானவர், ஒருவர் மனமும் நோகாமல் நடந்தவர் என்று அவருடைய இந்த நினைவு மலரில் எழுதினால் வாசிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியான புளியந்தீவில், இதே வீட்டில். எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். அத்தான் பெரியகல்லாற்றிலிருந்து வந்தார். கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. வந்த புதிதில் அவருக்கு வீட்டிலிருந்து கச்சேரிக்குப் போகும் வழி மட்டுமே தெரியும். பக்கத்துத் தெருவில் தபாற்கந்தோரை விசாரித்து நின்றவரை அக்காதான் கண்டு கூட்டி வந்தாராம். அடுத்த நாள் மாலையிலிருந்து அக்கா அவருக்கு ஊரைக் காட்டத் தொடங்கினார்.

புருசனும் பெண்சாதியும் அருகருகாகத் தெருவில் நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஒழுங்கைக்குப் புதிது. சந்தை மூலையில் வெற்றிலைக்காரியிடம் ஒரு வார்த்தை. பிரதான வீதியில் சைக்கிள் கடை, புடவைக் கடை, தேத்தண்ணிக் கடை. பிறகு கோட்டை மதில். அங்கே கச்சேரி விட்டு வரும் கிளாக்கர்மார் அக்காவைக் கண்டதும் தொப்பியைத் தொடுவதா, வேறு பக்கம் பார்ப்பதா என்று தடுமாறுவார்கள். அதன்பின் வாவிக்கரை. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து நெல்லும் விறகும் தயிரும் ஏற்றி வந்த தோணிகள் திரும்பிப் போகும் நேரம் அது. வேலியோரம் இருந்த கல்வாங்கில் இருவரும் உட்காருவார்கள். கொறித்துக்கொண்டிருந்த கச்சான் கொட்டை முடிந்ததும் எழுந்து, தேவாலய மணி கேட்க வீடு வருவார்கள்.

நிலவு நாளில் கல்லடிப் பாலத்துக்கும் போவார்கள். வாவியில் மீன் பாடுகிறது என்று வெள்ளைக்காரத் துரைமார் தோணியில் துடுப்பை நீரில் விட்டு அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள். அக்காவும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிலவுக்கும் போனார்.

அத்தான் காய்ச்சலில் போனார். அம்மாவும் அப்பாவும் முன்பே இல்லை. அதனால் அக்காவுக்குப் பெரியவராக இருந்தவர் அம்மாவின் ஒரே அண்ணன், எங்கள் பெரியமாமா. எங்கள் குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, உரிமையுள்ள கோயிலில் அவர் வண்ணக்கர். கோயிலை நடத்தும் பொறுப்பும், அதனால் ஊரில் முதல் மரியாதையும் அவருக்கு இருந்தன. அக்கா வெளியே போன செய்தி கேட்டு அவர் வந்தார். அக்காவின் ஒரே தம்பியான நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாவீட்டுக்கு வந்து இன்னும் திரும்பவில்லை.

"துடக்குக் கழிஞ்சா தெருவுக்கு இறங்கலாம் எண்டு ஆருகா உனக்குச் சொன்ன? ஒரு வருசம் கதவுக்குள்ள இரு."

"ஒரு வருசத்துக்குப் பிறகு, மாமா?"

"மறுகா பாப்பம்."

"அப்ப ஒரு வருசம் இல்ல, சாகும் மட்டும் எண்டு நேரச் சொல்லுங்களன்."

பெரியமாமா தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனார். அக்கா என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குள்ள இருந்தா அவர் செத்தது மட்டும்தான் மனே தெரியுது. வெளியில போனா அவர் இருந்த இடமெல்லாம் தெரியுது." அன்று மாலையும் போனார்.

அந்த வருடமும் போனார், அடுத்த வருடங்களிலும் போனார். மழைக்கு மட்டும் நின்றார். உறவினர் வீட்டு நல்ல காரியங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. அதற்கும் அக்கா நடையை நிறுத்தவில்லை.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பிரதான வீதியில் பட்டாளத்து லொறிகள் ஓடின. துணி கூப்பனுக்கு என்றானது. அந்த நாட்களில்தான் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். பெரியமாமா அதுவரை காத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

சாமத்தியச் சடங்குக்குக் கட்டாடியார் வெள்ளை கொண்டு வர வேண்டும். ஊருக்குத் துணி வெளுப்பவர் அவர். தன் கையால் வெளுத்த வெள்ளையை அவர் கூரைக்குக் கீழே விரித்துக் கட்டினால்தான் சடங்கு சடங்காகும். பிற்காலத்தில் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது அதையும் கேட்பார்கள். அந்த வெள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று பெரியமாமா கட்டாடியாருக்குச் சொல்லிவிட்டார். அக்கா நடையை விட்டால் வெள்ளை வரும், உறவும் வரும். விடாவிட்டால் இரண்டும் இல்லை.

கட்டாடியார் வேலிக்கு வெளியே நின்று சொன்னார்.

"நான் என்ன செய்ய புள்ள? வண்ணக்கர்ர சொல்லு. மீறினா நாளைக்கு ஊரில ஒரு வீடும் எனக்குத் துணி போடாது."

"உங்களில பிழையில்ல. வெயிலுக்க நிக்காதீங்க, போங்க."

லீவில் வந்திருந்த நான் சமாதானம் பேசலாம் என்றேன். மகள் முகம் வாடியிருந்தாள்.

"ஒருத்தரும் வராட்டி என்னம்மா செய்யிற?"

"சோறு மிஞ்சும் மகள். மிஞ்சினா நாம திங்கிற."

அடுத்த நாள் அக்கா காத்தான்குடி நானாவைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் தறி வைத்து நெய்து, துணியை மூட்டையாகக் கட்டி வீடு வீடாக விற்ற முஸ்லிம் பெரியவர் அவர், நானா என்றால் அண்ணன். அத்தானின் காலத்திலிருந்து பழக்கம். கடைகளில் துணி கண்ணில் படாத நேரம் அது. நானா தறியில் இருந்ததை அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"இது தண்ணி காணாத புதுத்துணி தங்கச்சி. உங்கட ஆக்களுக்கு வெளுத்ததுதானே வேணும்?"

"வெளுக்கத்தான் போறன் நானா."

வெளுத்தார். எங்கள் வளவுக் கிணற்றடியில், தன் கையால், கல்லில் அடித்து வெளுத்தார். பிழிந்து பன்புல் பைக்குள் வைத்து, மாலை நாலரைக்கு வழக்கம் போலக் குடையை விரித்தார். நானும் போனேன். சந்தை மூலை, பிரதான வீதி, கோட்டை மதில். வாவிக்கரைக்கு வந்ததும் துணியை எடுத்து வேலியின் நீளத்துக்கு விரித்துப்போட்டார். கல்வாங்கில் இருந்தார். கச்சேரி விட்டு வந்தவர்கள் எல்லோரும் கண்டார்கள். நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள். கட்டாடியார் செய்யும் வேலையை ஒரு வண்ணக்கரின் மருமகள் செய்து, அதைத் தெருவில் காட்டுகிறாள் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

செய்தி பெரியமாமாவுக்கு எட்ட நேரம் எடுக்கவில்லை. துணி ஈரம் உலருமுன் அவருடைய ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கவில்லை.

"துணி காயப்போட உனக்கு வளவு இல்லையாகா?"

"வளவுக்க வெயில் காணாது மாமா. இஞ்ச காத்தும் இருக்கு."

"ஆர் வெளுத்த?"

"நான்தான்."

"குடிர மானத்தைத்தான் வெளுத்துப் போட்டிருக்காய்."

"கிட்ட வந்து பாருங்க மாமா, ஊத்தை போயிற்றா எண்டு."

வண்டி ஓட்டியவர் இருமினார். அது சிரிப்பு என்று பெரியமாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"அவன் தெருவில கூட்டித் திரிஞ்ச பழக்கம். அவன் போயும் உனக்கு விடல்ல."

"அவர் எங்க என்னைக் கூட்டித் திரிஞ்ச? அவருக்கு ஊர் காட்டினதே நான். நடந்தது என்ட கால் மாமா. அது இன்னும் இருக்கு."

"சரி. இண்டையோட உன்ட வீட்டை எங்கட குடி தள்ளி வைச்சாச்சு. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டாங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி வருவது. வண்ணக்கர் பட்டமும் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். பெரியமாமாவுக்கு இருந்தது ஒரே சகோதரி, எங்கள் அம்மா. கோபத்தில் அவர் இதை மறந்திருந்தார். அக்கா மறக்கவில்லை.

"தள்ளுங்க. மறுகா உங்களுக்குப் பிறகு கோயில்ல ஆர் நிக்கிற? உங்கட உடன்பிறந்தாள்ட பிள்ளைகள் நானும் இவனும்தான். எங்களைத் தள்ளினா பட்டத்தை எந்தக் குடியில கொண்டு போய் வைப்பீங்க?"

பெரியமாமா என்னைப் பார்த்தார். நான் துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப்போட்டேன்.

"வண்டிய எடு" என்றார் அவர்.

சடங்கு நடந்தது. நாங்கள் கட்டிய வெள்ளை ஒரு மூலையில் தொய்ந்திருந்தது. தாலியில்லாதவர் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கக் கூடாது என்பார்கள். அக்கா வார்த்தார். உறவில் பலர் வரவில்லை. காத்தான்குடி நானா குடும்பத்தோடு வந்தார். வெற்றிலைக்காரி வந்தார். பந்தி வைக்கும் நேரம் கட்டாடியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வாசலால் வந்தார்.

"நான் வெள்ளை கொண்டு வரல்ல புள்ள. வெள்ளை குடுக்காத எண்டுதான் வண்ணக்கர் சொன்னவர். சோறு தின்னாத எண்டு சொல்லல்ல."

அதுவரை அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டது கொல்லைப் பக்கத்தில். அன்று அக்கா நடுவீட்டில் பாய் போட்டார். இலையும் தானே வைத்தார்.

சில வருடங்களுக்குப் பின் பெரியமாமா நோயில் கிடந்தபோது என்னைக் கொழும்பிலிருந்து அழைப்பித்தார். "பட்டம் உனக்குத்தான். உன்ட கொக்காவை நாலு பேருக்கு முன்னால வந்து பிழை எண்டு சொல்லச் சொல்லு, அது போதும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பட்டம் வேணுமா மனே?"

"வேண்டாம்."

"அப்ப ஏன் நிக்காய்? குடையை எடு, நேரம் போகுது."

பெரியமாமாவின் சாவுக்கு அக்கா அழைப்புக்குக் காத்திருக்காமல் நடந்தே போனார். தலைமாட்டில் இருந்து, தன் தாய்மாமனுக்கு அழ வேண்டிய அழுகையை அழுதார். ஒருவரும் எழுப்பவில்லை. பட்டம் வேறு குடிக்குப் போயிற்று. மகளுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் வெள்ளையைப் பற்றிக் கேட்டார்கள். "நான் வெளுத்த" என்றார் அக்கா. முதலில் வந்தவர்கள் எழுந்து போனார்கள். பிறகு செட்டிபாளையத்திலிருந்து வந்தவர்கள் இருந்து சாப்பிட்டார்கள்.

மற்றதெல்லாம் நீங்கள் கண்ட அக்கா. பேரப்பிள்ளைகளையும் அதே வழியில் அழைத்துப் போனார். முழங்கால் விட்டபின் கோட்டை மதிலோடு திரும்பினார், அதன்பின் சந்தை மூலையோடு. கடைசி மாதங்களில் மாலை நாலரைக்கு நாற்காலியை வாசலில் போடச் சொல்லி, குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு காலை தேத்தண்ணி கேட்டார். கொண்டு வருமுன் போய்விட்டார்.

இராப்பகலாகப் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், சமைத்துத் தந்த ஒழுங்கை அயலவர்களுக்கும், செய்தி கேட்டு முதல் ஆட்களாக வந்த காத்தான்குடி நானாவின் பிள்ளைகளுக்கும், கேட்காமலே சாவீட்டுக்கு வெள்ளை கொண்டு வந்து கட்டிய கட்டாடியாரின் பேரனுக்கும், அன்று வராமல் இன்று வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

வீட்டிலிருந்து மயானத்துக்குச் சந்தை வீதியால் போவது கிட்ட. நாங்கள் வாவிக்கரையால் போனோம்.